பச்சை காட்டிய தண்ணீர்

சாத்தனிருப்பில் நீர்க்கண் அலறியபோது பாதிப் பேருக்கு அது என்ன சத்தம் என்றே தெரியவில்லை. ஐஸ் வண்டி என்று நினைத்துத் தெருவுக்கு ஓடிவந்த பிள்ளைகளும் உண்டு. மாட்டிவைத்த நாளிலிருந்து ஒருமுறைகூட வாய் திறக்காத சாதனம் அது. எல்லார் வீட்டுக் குடிதண்ணீர் டிரம்முக்குள்ளும் உள்ளங்கை அகல வெள்ளை வில்லையாக ஒட்டிக்கொண்டு, ராப்பகலாகப் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் கோளாறு என்றால் சிவப்பு காட்டி, ஊரைக் கூட்டி, அந்த வீட்டுக் குழாயையும் அதுவே மூடிவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

பஞ்சாயத்துத் தலைவி செண்பகவல்லி அப்போது மகள் இதழினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளையைப் பாதிச் சடையோடு விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அவளுடைய நாத்தனார் வேம்பு வாழ்க்கைப்பட்ட வீடு.

அடுப்படியில் டிரம்முக்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. "அபாயம். இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்" என்று ஒரு பெண்குரல், வானிலை அறிக்கை வாசிக்கிற நிதானத்தில், திரும்பத் திரும்பச் சொன்னது. பக்கத்தில் ஒரு காலி கேனைப் பிடித்துக்கொண்டு வேம்பு நின்றாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் அது விஷத்தைக் கண்ட பயமில்லை, அகப்பட்டுக்கொண்ட பயம்.

"என்னடி ஊத்துன?"

"ஒண்ணும் ஊத்தல அண்ணி. சும்மா கேன கழுவுனேன்."

அதற்குமேல் கேட்க முடியவில்லை. நீலச்சுடர் எரிவாயுக் கம்பெனியின் ஜீப் வாசலில் வந்து நின்றுவிட்டது. ஊரில் பிரசவ வலி என்று கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிள்ளை பிறந்து பேரும் வைத்துவிடலாம், ஆனால் நீர்க்கண் கத்தினால் கம்பெனி ஆள் பறந்து வருவார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இறங்கியவர் மக்கள் தொடர்பு மேலாளர் ரகோத்தமன். எப்போதும் சிரித்த முகம், எல்லாப் பெண்களையும் 'அம்மா' என்பார்.

"யாரோ வேணும்னே எதையோ கலந்திருக்காங்கம்மா," என்றார் செண்பகவல்லியிடம். "நாளன்னிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். இந்த நேரத்துல இப்படி நடந்தா என்ன அர்த்தம்? நீங்க படிச்சவங்க, நான் சொல்லணுமா?"

கூட்டம் எதற்கு என்று ஊருக்கே தெரியும். ஏற்கெனவே வடக்குக் காட்டில் கம்பெனியின் எரிவாயுக் கிணறுகள் ஓடுகின்றன. இப்போது குளத்தங்கரையில், ஊருக்கே குடிதண்ணீர் கொடுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணற்றுக்கு அருகிலேயே, புதிதாகத் துளைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். எதிர்க்கிறவர்கள் தண்ணீர் கெட்டதற்குச் சாட்சி கொண்டுவர வேண்டும். சட்டப்படி செல்லுபடியாகிற சாட்சி ஒன்றே ஒன்று, நீர்க்கண். வேறு எந்த ஆய்வுக்கூடத்துக் காகிதமும் எடுபடாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியதே ஊர்க்காரர்கள்தான். முன்பெல்லாம் தண்ணீரைச் சோதிக்க அதிகாரிகள் வருவார்கள், கம்பெனி விருந்தினர் மாளிகையில் சாப்பிடுவார்கள், தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். "மனுசன விலைக்கு வாங்கலாம், மிசின வாங்க முடியுமா?" என்று கோஷம் போட்டு, மறியல் செய்து, தடியடி பட்டு வாங்கிய சட்டம் அது. அந்தக் கோஷத்தில் தொண்டை கட்டியவர்களில் செண்பகவல்லியும் ஒருத்தி. அதற்கப்புறம் தண்ணீரில் லேசாக மண்ணெண்ணெய் வாடை வந்தது, பால் திரிந்தது, இதழினிக்கு அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வி, "டிரம்ல பச்சைதானே எரியுது?" ஆமாம் என்றால், "அப்ப தண்ணி இல்ல, வேற ஏதோ" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கம்பெனி ஆள் போனதும் செண்பகவல்லி கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லு. அந்தக் கேன்ல என்ன இருந்துச்சு?"

வேம்பு அழ ஆரம்பித்தாள். "தண்ணிதான் அண்ணி. சத்தியமா வெறும் தண்ணி. குளத்துக்கு அக்கரை மேலக்காட்டு அடிபம்புத் தண்ணி. மிச்சம் இருந்துச்சு, கொட்ட மனசில்லாம டிரம்ல ஊத்துனேன்."

"எதுக்குடி அக்கரைத் தண்ணி?"

வேம்பு இருட்டறைக் கதவைப் பார்த்தாள்.

அது முளைப்பாரி நேரம். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் மண்சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, மொச்சையும் தட்டைப்பயறும் பாசிப்பயறும் தூவி, வெயில் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். கடைசி நாளில் தலையில் சுமந்துபோய்க் குளத்தில் கரைப்பார்கள். பாரி ஒரு முழம் வளர்ந்தால் குடும்பம் தழைக்கும். முளை கருகினால் வளர்த்தவள் சுத்தபத்தமாக இல்லை, விரதத்தில் ஏதோ தப்பு, சாமி குத்தம். மழை பொய்த்தால்கூட 'எவ பாரியோ சரியில்ல' என்று பேச்சு வரும் ஊர் அது.

"எனக்கு மட்டும் வரமாட்டேங்குது அண்ணி," என்றாள் வேம்பு. "மூணாம் நாளே நுனி கருகி, வேர் அழுகிப் போயிடுது. என் மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை உசிரோட வெக்காது. அதான் அக்கரையிலேர்ந்து தண்ணி கொண்டாந்து ரெண்டாவது சட்டி போட்டேன். போன வருசமும் அப்படித்தான். அதுக்கு முந்தின வருசமும்."

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருட்டறையில் செழித்து நின்ற முளைப்பாரியைத் தாண்டி, மூலையிலிருந்த நெல் குதிருக்குப் பின்னால் கைவிட்டு ஒரு கேனை எடுத்தாள். மேலக்காட்டு அடிபம்புச் சேறு அதன் அடியில் இன்னும் காயாமல் இருந்தது.

"அண்ணி, நீங்களுமா?"

"நானுந்தான். ஊர்த் தலைவி பாரி கருகுனா ஊரே சிரிக்குமேன்னு ஒளிச்சேன். எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

அழுதுகொண்டிருந்த வேம்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செண்பகவல்லிக்கு வரவில்லை. நல்ல தண்ணீரை ஊற்றினால் நீர்க்கண் ஏன் கத்தியது என்ற கேள்வி அவள் தலைக்குள் குடையத் தொடங்கியிருந்தது.

நீர்க்கண்களைப் பழுது பார்க்கிறவன் மருதவாணன். கம்பெனி வேலை இல்லை, அரசாங்க ஒப்பந்த வேலை, ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது யார் கையில் என்று அவனுக்குத் தெரியும். வேம்பு வீட்டு வில்லையைக் கழற்ற வந்தவனுக்குச் செண்பகவல்லி மோர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"தம்பி, அது வெறும் அடிபம்புத் தண்ணி. அதுக்கு ஏன் அபாயம்னு கத்துச்சு?"

அவன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். "நல்ல தண்ணி, கெட்ட தண்ணின்னு இதுக்குத் தெரியாது பிரசிடெண்டம்மா. மாட்டுன புதுசுல ஊர்த் தண்ணிய நாலஞ்சு மாசம் மோந்து பாத்து, இதான் இங்க வழக்கம்னு படிச்சுக்கும். வழக்கத்துலேர்ந்து திடீர்னு மாறுனாத்தான் கத்தும்."

"மாட்டும்போதே வடக்குக் காட்டுல கெணறு ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"அதுக்கப்புறம் தண்ணி இன்னும் கெட்டுப்போயிருந்தா?"

"மெல்ல மெல்லக் கெட்டா அதுவும் வழக்கந்தான். வருசா வருசம் புதுசா படிச்சுக்கும். எத வெச்சுப் படிக்கணும்னு ஒரு கற்பிப்புக் குழு முடிவு பண்ணுது."

"யாரு அந்தக் குழுவுல?"

"அஞ்சு பேரு. நாலு பேரு கம்பெனியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. இன்னொருத்தர் புரொபசர். அவரு லேப் நடக்குறதே கம்பெனி குடுக்குற பணத்துலதான்."

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானைக் குட்டியிலிருந்தே வேலி வளர்த்திருந்தது. இயந்திரத்தை யாரும் விலைக்கு வாங்கவில்லை, வாங்கவேண்டிய தேவையும் இல்லை. எது சரி என்று சொல்லிக்கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். செண்பகவல்லிக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. கோஷம் போட்ட அந்தப் பழைய தொண்டையை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப எந்த நல்ல தண்ணிய ஊத்துனாலும் கத்துமா?"

"இந்த ஊர் வில்லையில ஊத்துனா கத்தும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா. பிள்ளைகுட்டிக்காரன்."

"சொல்லமாட்டேன். மோரக் குடி."

அன்று மாலைவரை அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "உன் பாரி எந்தத் தண்ணியில வளருது?" என்று நேராகவே கேட்டாள். எல்லாரும் குழாய்த் தண்ணீர் என்று சாதித்தார்கள். நாலைந்து வீட்டில் கதவுக்குப் பின்னால் கேன் தெரிந்தது. ஒருத்தி கேன் மேலேயே முந்தானையை விரித்து உட்கார்ந்துகொண்டு, "எங்க வீட்டுல கேனே கெடையாது" என்றாள். கடைசியில் கோடித்தெரு ராக்கம்மா மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் செம்பகம் நீ எதுக்கு வர்றேன்னு. கூட்டத்துல வந்து ஆத்தாவ ஏமாத்துனேன்னு சொல்லச் சொல்றியா? என் மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கேன். என் வாயில வராது."

"வரலேன்னா வேணாம். நான் என் சட்டியத் தூக்கிட்டுப் போறேன்," என்றாள் செண்பகவல்லி.

அவள் சொன்னது கருகிப்போன முதல் சட்டியை. முளைத்தாலும் முளைக்காவிட்டாலும், விதை தூவிய பாரியைக் கரைக்கிற நாள்வரை தூக்கி எறியக்கூடாது. அது ஊர் வழக்கம். ஆகவே கேன் ஒளிந்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருகிய சட்டியும் எங்கேயாவது ஒளிந்திருந்தது.

கருத்துக்கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் விசாரணை அதிகாரி சாமுவேல் துரைராஜ் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் நீலச்சுடர் என்று பெயர் பொறித்த தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். சட்டப்படி மேசை நடுவில் ஒரு நீர்க்கண்ணும் இருந்தது. ஊர்ப் பொதுத்தொட்டியிலிருந்து கழற்றி, ஊர்த் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் போட்டிருந்தார்கள். அது சமர்த்தாகப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

ரகோத்தமன் அழகாகப் பேசினார். விஞ்ஞானம், நாட்டு முன்னேற்றம், வேலைவாய்ப்பு எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் திரையில் ஒரு படம் போட்டார். போன வருடத் திருவிழா. கம்பெனி கட்டிக்கொடுத்த பந்தலின் கீழே பெண்கள் வரிசையாக முளைப்பாரி சுமந்து நிற்கிறார்கள். முன்வரிசையில் வேம்பு. தலைக்குமேல் ஒரு முழத்துக்குப் பாரி.

"இயந்திரத்த விடுங்க சார். இந்தத் தாய்மார்களோட நம்பிக்கைய பாருங்க. கெட்ட தண்ணியில இப்படி வளருமா? இதவிட என்ன சாட்சி வேணும்?"

கம்பெனி ஆட்கள் கை தட்டினார்கள். பெண்கள் எல்லாரும் தங்கள் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன சின்னப் பொய்யைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, அதற்கு மாலையும் போட்டுவிட்டார் மனிதர்.

செண்பகவல்லி எழுந்து மேடைக்குப் போனாள். இடுப்பில் மஞ்சள் துணி மூடிய சட்டி. மேசைமேல் வைத்துத் துணியை எடுத்தாள். விரல் உயரம்கூட வராத முளைகள், நுனியெல்லாம் கருத்து, அழுகல் வாடையோடு.

"இது நம்ம குழாய்த் தண்ணியில வளந்தது. படத்துல இருக்குறது அக்கரைத் தண்ணியில வளந்தது. என் பாரி நாலு வருசமா பொய்ப் பாரி. ஆத்தா முன்னாடி சொல்ல வேண்டியத இங்க சொல்றேன்."

கோயில் பூசாரி துள்ளி எழுந்தார். "ஆத்தாவையே ஏமாத்துனியா? நீயெல்லாம் ஒரு தலைவியா?"

"ஏமாத்துனேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா இந்தச் சட்டி பொய் சொல்லல."

வேம்பு எழுந்தாள். "என்னுதும் பொய்தான்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த மாமியாரைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் என்றே நினைத்தாள்.

மாமியார் செருமினாள். "ஏன்டி, இத மொதல்லயே சொல்லித் தொலையறதுதானே? உனக்குத் தெரியக்கூடாதுன்னு நான் என் சட்டிய மாட்டுக்கொட்டாயில ஒளிச்சு வெச்சிருக்கேன்."

மண்டபம் வெடித்தது. யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. ராக்கம்மாதான் முதலில் வெளியே போனாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு சட்டி. கட்டிலுக்கடியிலிருந்தும், விறகுக்குப் பின்னாலிருந்தும், உரச்சாக்குக்குள்ளிருந்தும் எடுத்துவந்த கருகல் சட்டிகள் மேடையை நிறைத்தன. பூசாரி எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் மனைவியும் ஒன்று கொண்டுவந்திருந்தாள்.

சாமுவேல் துரைராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் கல்நெஞ்சர் இல்லை. "அம்மா, நான் கண்ணால பாக்குறேன். ஆனா சட்டிய நான் சாட்சியா எழுத முடியாது. நீர்க்கண் சொல்றதுதான் சட்டப்படி இறுதி. அது பச்சை காட்டுது."

ரகோத்தமன் முகத்தில் சிரிப்பு திரும்பி வந்தது.

"சரிங்கய்யா," என்றாள் செண்பகவல்லி. "அது சொல்றதையே எழுதுங்க. இறுதின்னு நீங்களே சொல்லிட்டீங்க." மேசையைச் சுற்றிப் போய், ரகோத்தமனுக்கு முன்னால் சீல் உடைக்காமல் இருந்த பாட்டிலை எடுத்தாள். "இது உங்க கம்பெனித் தண்ணிதானே சார்? நீங்களே தொறந்து குடுங்க. அப்புறம் நான் எதையோ கலந்துட்டேன்னு சொல்லிடுவீங்க."

ரகோத்தமன் அசையவில்லை. அதிகாரியே பாட்டிலை வாங்கித் திருகினார். கிண்ணத்திலிருந்த ஊர்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதில் பாட்டில் தண்ணீரை ஊற்றினார்.

பச்சை விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது. பிறகு சிவந்தது. "அபாயம். இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்."

நிதானமான அந்தப் பெண்குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. மேடையில் பாதிப் பாட்டிலைக் குடித்து முடித்திருந்த கம்பெனி ஆள் ஒருவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதுங்கய்யா," என்றாள் செண்பகவல்லி. "நீலச்சுடர் கம்பெனி இத்தன பேருக்கு விசத்தக் குடுத்திருக்குன்னு எழுதுங்க. மிசின் சொல்லிடுச்சு."

"அபத்தம் சார்!" ரகோத்தமன் எழுந்துவிட்டார். "இது சுத்தமான தண்ணி. மிசின் இந்த ஊர்த் தண்ணிய வெச்சுப் பழகுனது. நல்ல தண்ணிய ஊத்துனா அது இப்படித்தான்..."

சொல்லி முடிக்கவில்லை. சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

சாமுவேல் துரைராஜ் பேனாவை எடுத்தார். "நல்ல தண்ணிய ஊத்துனா இப்படித்தான் காட்டும்ங்கிறீங்க. அப்ப இத்தன நாளா பச்சை காட்டிக்கிட்டிருந்தது என்ன தண்ணி? உக்காருங்க சார். ரெண்டுல எத எழுதணும்னு யோசிச்சு நீங்களே சொல்லுங்க. அவசரமில்ல."

கம்பெனி விண்ணப்பம் அன்றைக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ரத்து ஆகவில்லை, நிறுத்திவைப்புதான். கற்பிப்புக் குழுவில் அதே ஐந்து பேர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும், வடக்குக் காட்டுக் கிணறுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன என்பதும் செண்பகவல்லிக்குத் தெரியும். அடுத்து எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும், எந்த வக்கீல் பயப்படமாட்டார் என்று மண்டபத்துப் படி இறங்கும்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். ஊர்ப் பெண்களும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். இந்த வருடம் ஊர்வலத்தில் கருகிய சட்டிதான் தலையில் ஏறும். அம்மனுக்கு உள்ளதை உள்ளபடி காட்டுவது.

வீட்டுக்கு வந்தபோது இதழினி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி பையிலிருந்து, அதிகாரி திறந்த அந்தக் கம்பெனி பாட்டிலை எடுத்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. நீர்க்கண் வந்தபோது இந்தப் பிள்ளைக்கு இரண்டு வயது. ஒரு வாயாவது நல்லதாகக் குடிக்கட்டும் என்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

பிள்ளை ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது. அப்படியே வாசலில் துப்பினாள்.

"உவ்வே. என்னம்மா இது, சப்புன்னு? தண்ணி வாசமே இல்ல. கெட்டுப்போச்சா?"

மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் வராத அழுகை செண்பகவல்லிக்கு இப்போது வந்தது. அதை அடக்கிக்கொண்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, டம்ளரை மறுபடி அவள் கையில் கொடுத்தாள்.

"கெட்டுப்போகல கண்ணு. தண்ணின்னா இப்படித்தான் இருக்கும். இன்னொரு வாய் குடி, அம்மா இங்கதான் இருக்கேன்."